ஆரோக்கியப்பச்சை: பங்கு வந்தது, இலை வரவில்லை

மருந்துச் செடிகள், பழங்குடி அறிவு, பங்குரிமை என்று எந்த மாநாட்டில் பேச்சு எழுந்தாலும் பொதிகை மலையின் மேற்குச் சரிவில் நடந்த ஒரு கதை அங்கே வந்துவிடும். அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற ஒரு செடியைக் காட்டினார்கள். கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள ஆய்வு நிறுவனம் அதிலிருந்து மருந்து செய்தது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று உரிமத்தொகை கட்டியது. அதில் சரிபாதி காணிகளுக்குப் போனது. 2002-ல் ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டின்போது வழங்கப்பட்ட ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு வரை எட்டிய கதை இது. நாலு வரியில் சொன்னால் வெற்றிக் கதைதான். பக்கம் பக்கமாகப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது என்று நல்ல மனதோடு யோசித்தவர்கள், இலையை யார் பறிப்பது, பறிக்க யார் அனுமதி கொடுப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளவில்லை. இந்த நிகழ்வை நான் படிப்பது அந்த இடத்திலிருந்துதான்.

மலையில் நடந்தது

1982-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை, பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைமை ஒருங்கிணைப்பாளர் தாவரவியலாளர் புஷ்பாங்கதன். 1987 டிசம்பரில் அவருடைய குழு பொதிகை என்ற அகத்தியமலைக் காடுகளில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணி இளைஞர்கள்.

மலையேறிப் பழக்கமில்லாத ஆய்வாளர்கள் பாதி வழியிலேயே ஓய்ந்துவிட்டார்கள். வழிகாட்டிகளுக்கு மட்டும் சோர்வே தெரியவில்லை. அவர்கள் நடந்துகொண்டே கருத்த, சின்னஞ்சிறு பழங்களை வாயில் போட்டு மென்றபடி வந்தார்கள். களைத்தவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குக் கால் நோவு விட்டதுபோல இருந்தது. என்ன பழம், எந்தச் செடி என்று கேட்டதும் பேச்சு நின்றது. இது எங்கள் கூட்டத்துக்குள் இருக்க வேண்டியது, வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று குழுவினர் வாக்குக் கொடுத்து, நயந்து பேசிய பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

எத்தனையோ கட்டுரைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு இந்தக் காட்சி இப்போது கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. ஆனாலும் அதில் இரண்டு விஷயங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, காணிகள் தின்றது பழம். இரண்டு, சொன்னவர்கள் வழிகாட்டிகளாக வந்த இளைஞர்கள். காணிகளின் வைத்தியரும் பூசாரியுமான பிலாத்திகள் அல்ல. பின்னால் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இந்த இரண்டில் இருக்கிறது.

செடி

பெரிய உருவம் ஒன்றும் கிடையாது. பசுமைமாறாக் காட்டின் அடர்ந்த நிழலில், ஓடைக்கரை ஈரத்தில், முழங்காலுக்கும் கீழே நிற்கும் செடி. மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டு. அதிலிருந்து மெல்லிய காம்புகள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் இதய வடிவில் ஓர் இலை. பூ எங்கே என்று தேட வேண்டும். இலைக்காம்பு தொடங்கும் இடத்தில் கருஞ்சிவப்பில், ஆள் கண்ணில் படாத அளவில் பூத்திருக்கும். காய்க்கு மூன்று பட்டை. வள்ளிக்கிழங்கின் குடும்பம்தான், ஆனால் வள்ளியைப் போலக் கொடியாகப் படராது. தாவரவியலில் டிரைகோபஸ் சைலானிகஸ் என்று பெயர். இனத்தின் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. அங்கேயும் இது வளர்கிறது. அகத்தியமலையில் இருப்பது திருவாங்கூரிகஸ் என்ற துணையினம். மலையாளத்தில் ஆரோக்கியப்பச்சை. காணிகள் சாத்தன்களஞ்ஞ என்பார்கள்.

இலையை வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அதோடு சரி. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பழம் இலையானது

1988-லேயே குழுவினர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே இதைக் காணிகளின் ஜின்செங் என்று அழைத்திருந்தார்கள். கொரிய ஜின்செங்கின் பெயரை ஒட்டவைத்தது அறிவியலுக்கு எவ்வளவு உதவியதோ தெரியாது, விளம்பரத்துக்கு நன்றாகவே உதவியது. அதன் பிறகு இந்தச் செடியைப் பற்றி எழுதும் எவரும் அந்த ஒப்பீட்டை விடவில்லை.

1990-ல் புஷ்பாங்கதன், திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். இது கேரள அரசு 1979-ல் நிறுவியது. இப்போது நேருவின் பெயர் சேர்ந்திருக்கிறது. மருந்தாக்கும் வேலை அங்கேதான் நடந்தது. சோதனைகள் பழத்தைத் தாண்டி இலைக்குப் போயின. களைப்பைக் குறைப்பது, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது போன்ற குணங்கள் இலையில் இருப்பதாக ஆய்வகம் கண்டது. பழம் பருவத்தில் மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். இலை எப்போதும் உண்டு. ஆக, மருந்துக்கு இலை என்று முடிவானது.

இலை மட்டும் தனியாக மருந்தாகவில்லை. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றையும் சேர்த்து நாலு சரக்குகளில் ஒரு ஆயுர்வேதத் தயாரிப்பு உருவானது. பெயர் ஜீவனி. கூட்டாளிகள் மூன்றும் ஆயுர்வேதமும் சித்தமும் நூற்றாண்டுகளாக அறிந்தவை, நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆரோக்கியப்பச்சை மட்டும் எந்தக் கடையிலும் இல்லாதது. வாய்வழி அறிவாக ஒரே ஒரு சமூகத்திடம் இருந்தது. ஜீவனியின் புதுமை முழுதும் அந்த ஒரு சரக்கில் அடங்கியிருந்தது.

இடையில் ஒரு வார்த்தை. இந்தச் செடியைப் பற்றி வெளிவந்த மருந்தியல் சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்யப்பட்டவை. நீந்தவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது போன்றவை. அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ‘நித்திய ஆரோக்கியம் தரும் அற்புத மூலிகை’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எலிக்கும் மனிதனுக்கும் நடுவே இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது என்று பதில் அனுப்பலாம்.

உரிமம்

1995 நவம்பரில் ஜீவனியைத் தயாரித்து விற்கும் உரிமத்தைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு நிறுவனம் வழங்கியது. 1943-ல் ராம வாரியர் தொடங்கிய பழைய கம்பெனி அது. காலம் ஏழு ஆண்டு. உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல், விற்கும் மருந்துக்கு ஆலைவிலையில், அதாவது ஆலையை விட்டுப் போகும் விலையில், 2 சதவீதம் ராயல்டி. வரும் பணத்தில் பாதியைக் காணிகளுக்குத் தருவது என்று பாலோடு நிறுவனம் முடிவு செய்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது இந்தியாவில் இப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பன்னாட்டுப் பல்லுயிர் உடன்படிக்கை 1993 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல். பழங்குடிகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு, கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி போட்டுவிட்டுப் போவதுதான் நடைமுறை. அந்தக் காலத்தில் ஓர் அரசு நிறுவனம் தானே முன்வந்து சரிபாதி என்று சொன்னது சாதாரணக் காரியம் கிடையாது. புஷ்பாங்கதன் மேல் வைக்கப்படும் விமர்சனங்கள் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

கொடுப்பது என்று முடிவானாலும் யாரிடம் கொடுப்பது? காணிகளுக்கு ஊர்தோறும் மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு. எல்லாருக்குமாகப் பணம் வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு கிடையாது. 1997 நவம்பரில் கேரள காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை பதிவானது. 1999 பிப்ரவரியில் அதன் கணக்கில் 5.19 லட்சம் ரூபாய் சேர்ந்தது. அசலைத் தொடாமல் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் சமூக நலனுக்குச் செலவழிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். தகவல் சொன்ன வழிகாட்டிகளுக்கும் ஒரு சிறு தொகை வெகுமதியாகக் கிடைத்தது.

வரிசையைக் கவனியுங்கள். அறிவு 1987-ல் கைமாறியது. உரிமம் 1995-ல் கையெழுத்தானது. காணிகளுக்கென்று ஓர் அமைப்பு வந்தது 1997-ல். ஒப்பந்தம் பேசப்பட்டபோது காணிகள் அந்த அறையில் ஒரு தரப்பாக இல்லை. கிடைத்தது, இன்னொருவர் பேசி முடித்த பேரத்தில் ஒரு பங்கு. பத்து லட்சம் போதுமா, இரண்டு சதவீதம் சரியா, இலைக்கு என்ன விலை என்று கேட்கும் இடத்தில் அவர்கள் உட்காரவில்லை.

இலை

இங்கேதான் நிற்க வேண்டும். பணத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இலையைப் பற்றி எழுதப்படவில்லை.

கம்பெனிக்குத் தொடர்ந்து இலை வேண்டும். காட்டிலிருந்து பறித்துக்கொண்டே இருந்தால் அகத்தியமலையை விட்டு வேறெங்கும் இல்லாத துணையினம் அழிந்துவிடும். பயிரிடலாம் என்றால், காட்டு நிழலுக்கு வெளியே வளர்த்தால் மருந்துச் சத்து கிடைப்பதில்லை என்பது நிறுவனத்தின் அனுபவம். சமவெளியில் ஏக்கர் கணக்கில் போட முடியாது. அப்படியானால் வழி ஒன்றுதான். காட்டுக்குள்ளேயே, காணிகளின் குடிகளைச் சுற்றியுள்ள நிழலில் அவர்களே வளர்க்க வேண்டும். இலையை அவர்களிடமிருந்து நிறுவனமோ கம்பெனியோ விலைக்கு வாங்க வேண்டும்.

யோசனை அழகானது. அறக்கட்டளைக்கு வரும் ராயல்டியைவிட இது பெரிய பலன். ராயல்டி எங்கேயோ ஒரு வங்கியில் வட்டியாகிக் கிடக்கும். இலைக் காசு சந்தைக்குப் போகிற நாளில் கையில் இருக்கும். 1994 முதல் 1996 வரை, பழங்குடி நலத்துறையின் உதவியோடு குட்டிச்சல் ஊராட்சியின் கோட்டூர் பக்கத்தில் சில பத்துக் குடும்பங்கள் பயிரிட்டுப் பார்த்தன. செடி வளர்ந்தது. இலையும் விற்றது.

வனத்துறை நிறுத்தியது.

அவர்கள் சொன்ன காரணங்களைத் தள்ளிவிட முடியாது. காணிகள் குடியிருப்பது காப்புக்காடு. அங்கே விளைவதை வெளியே கொண்டுபோக வனத்துறையின் அனுமதி வேண்டும். கேரளத்தில் பழங்குடிகள் சேகரித்து விற்கத் தகுந்த சிறு வனமகசூல் என்று ஒரு பட்டியல் உண்டு. தேன், கடுக்காய் போன்றவை அந்த வகை. ஆரோக்கியப்பச்சை அந்தப் பட்டியலில் அப்போது இல்லை. அதோடு இது அரிய செடி. சோதனைச்சாவடியில் ஒரு சாக்கு இலை வந்து நிற்கிறது என்று வையுங்கள். இதயம் போன்ற இலைகள், காம்போடு, வாடி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கின்றன. இது குடிசைக்குப் பின்னால் நட்டு வளர்த்ததா, மேலே ஓடைக்கரையில் பறித்ததா? காவலர் அல்ல, தாவரவியல் பேராசிரியரே வந்தாலும் இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்த்ததை அனுமதித்தால் பறித்ததும் அதே சாக்கில் போகும் என்றது துறை.

அந்தப் பயம் வீணும் அல்ல. செடிக்குக் கிராக்கி என்ற செய்தி பரவியதும் வெளியாட்கள் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு இலை போதவில்லை, செடியே வேண்டும். வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் கையில் காசு. சில காணிகளும் அதற்கு உடன்பட்டார்கள். வழக்குகள் பதிவாயின. முறையாக வளர்த்து, முறையாக விற்க வந்த குடும்பங்களுக்கும் வழி அடைத்துக்கொண்டது.

இதில் கசப்பான பகுதி, வனத்துறை யாருக்கும் புதிய ஆள் கிடையாது என்பது. ஆய்வகம் அரசுடையது, காடு அரசுடையது, பழங்குடி நலத்துறையும் அரசுடையது. ஒரே தலைமைச் செயலகத்தின் கீழே மூன்று துறைகள். ஒன்று மருந்து செய்து உரிமம் கொடுக்கிறது. இன்னொன்று அதற்கான இலையை வளர்க்க உதவுகிறது. மூன்றாவது அந்த இலையைக் கொண்டுபோனால் வழக்குப் போடுகிறது. எங்களையும் கலந்திருக்க வேண்டும், எங்களுக்கும் பங்குண்டு என்பது வனத்துறையின் குறை. அது தன்மானப் பிரச்சினையும்தான். ஆனால் சாவி அவர்கள் கையில் இருக்கும்போது அழைப்பிதழில் அவர்கள் பெயர் விட்டுப்போனதை வெறும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள முடியாது. உரிம ஒப்பந்தத்தில் மருந்துக்குக் காலம் இருந்தது, தொகை இருந்தது, சதவீதம் இருந்தது. இலை எங்கிருந்து எந்த அனுமதியோடு வரும் என்பதற்குப் பதில் இல்லை. சரக்கு வரும் வழி அடைபட்டால் மருந்து பெருகாது. மருந்து விற்காவிட்டால் ராயல்டியும் இல்லை. சரிபாதி என்றாலும் சுழியத்தில் பாதி சுழியம்.

யார் சொன்னது, யார் சொல்லியிருக்க வேண்டும்

1995 செப்டம்பரில், அதாவது உரிமம் கையெழுத்தாவதற்கு முன்பே, ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிகளுக்கு விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

பிலாத்தி வெறும் நாட்டு வைத்தியர் இல்லை. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசித் தாளம் எழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் விரட்டுபவர். எந்த இலையை எந்த மந்திரத்தோடு எப்போது எடுப்பது என்பதை அவரிடம்தான் கேட்பார்கள். பிலாத்திகள் பார்வையில், மலைவழி தெரிந்த இளைஞர்கள் சொன்னது அவர்களுக்குச் சொல்ல உரிமையில்லாத ஒன்று. பழங்குடி ஆய்வுக்கான கேரள அரசு நிறுவனமான கிர்டாட்ஸும் இந்தத் தரப்பை ஆதரித்தது. ஊர்வாரியாகவும் பிளவு உண்டானது. வழிகாட்டிகளின் ஊர் அடங்கிய குட்டிச்சல் பகுதியில் திட்டத்துக்கு ஆதரவு. விதுரா, பெரிங்ஙம்மலை பகுதிக் காணிகளுக்கு அறக்கட்டளை தங்களுடையது என்ற எண்ணமே வரவில்லை.

ஆனால் மறுபக்கமும் யோசித்துப் பார்க்க வேண்டும். களைப்புக்குப் பழம் தின்பது பிலாத்தியின் இரகசியமா, காட்டில் நடக்கும் எல்லாக் காணிக்கும் தெரிந்த நடைமுறையா? வழிகாட்டிகள் மந்திரத்தையோ முறையையோ விற்கவில்லை. தாங்கள் தின்றுகொண்டிருந்ததைக் களைத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் முழுதாகச் சாய முடியாததற்குக் காரணம் இதுதான். பொதுவில் எல்லாருக்கும் தெரிந்த அறிவுக்கு ஒரு சமூகத்தின் பெயரில் யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்விக்கு அன்று சட்டத்தில் இடமில்லை, சமூகத்துக்குள்ளேயும் முன்வழக்கம் இல்லை. இரண்டு தரப்பையும் ஒரே பந்தலில் உட்காரவைத்துப் பேச 1987-லிருந்து 1995 வரை எட்டு ஆண்டு இருந்தது. அந்த எட்டு ஆண்டும் ஆய்வகத்துக்கே போனது.

கணக்கு

5.19 லட்சம் என்ற தொகையைப் பிரித்துப் பார்க்கலாம். உரிமத்தொகை 10 லட்சத்தில் பாதி 5 லட்சம். மீதி சுமார் 19 ஆயிரம்தான், அதுவரை வந்த ராயல்டியில் காணிகளின் பங்காக இருக்க முடியும். அதை இரட்டித்தால் மொத்த ராயல்டி 38 ஆயிரம். 2 சதவீதத்துக்கு 38 ஆயிரம் என்றால் அந்த முதல் ஆண்டுகளில் மருந்து விற்ற மதிப்பு அதிகபட்சம் 19 லட்சம் ரூபாய்க்கு அருகே. மேலைநாட்டு மேடைகளில் ஜின்செங்கோடு நிறுத்தப்பட்ட மூலிகையின் உண்மையான வியாபாரம் இவ்வளவே.

திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிகள் அப்போது 16 ஆயிரம் பேருக்கு மேல். தலைக்கு வகுத்தால் 32 ரூபாய் சொச்சம். அசலைத் தொடாமல் வைப்பில் போட்டது புத்திசாலித்தனம்தான், ஆனால் அந்த வட்டியில் எந்த ஊரின் நிலைமையும் மாறிவிடாது. ஒப்பிட்டுப் பாருங்கள். அரை ஏக்கர் நிழலில் இலை வளர்த்து விற்ற ஒரு குடும்பத்துக்கு ஒரே பருவத்தில் கிடைத்திருக்கக்கூடிய காசு, இந்தத் தலைக்கணக்கைப் பல மடங்கு தாண்டியிருக்கும். பெரிய வாய்ப்பு இலையில் இருந்தது. புகழும் பரிசும் ராயல்டிக்குக் கிடைத்தன.

இதற்கு நடுவே பெயரும் கைநழுவப் பார்த்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சத்துப்பொருள் நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரைச் சேர்த்து அங்கே வணிகக்குறி பதியப் போனது. பாலோடு நிறுவனம் இந்தியாவில் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. கடல் தாண்டிப் பெயரையோ முறையையோ காத்துக்கொள்ள எதுவும் செய்திருக்கவில்லை. பணமில்லை, வழக்கறிஞர் இல்லை, அப்படி ஒன்று தேவைப்படும் என்ற நினைப்பும் இல்லை. காணிகளின் அறக்கட்டளைக்கு இதில் வாய் திறக்கும் உரிமைகூட இல்லை, ஏனென்றால் பெயரும் முறையும் நிறுவனத்தின் சொத்து.

இன்றைக்கு இதே செடி கண்டுபிடிக்கப்பட்டால்

சட்டங்கள் வந்துவிட்டன. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம், 2006-ன் வன உரிமைச் சட்டம், பங்குப்பகிர்வுக்காக 2010-ல் பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை. பங்கு தருவது இனி யாருடைய பெருந்தன்மையும் அல்ல, கடமை. உள்நாட்டு மருந்துக் கம்பெனியும் தர வேண்டும் என்று 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது.

எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்தால்தான் வேடிக்கை. 2014-ல் வந்து 2025 வரை நடைமுறையில் இருந்த பங்குப்பகிர்வு வழிகாட்டுதல்கள், விற்பவர் ஆண்டு ஆலைவிலை விற்பனையில் 0.1 முதல் 0.5 சதவீதம் வரை கட்டும் வழியை வைத்தன. காப்புரிமை பெற்றதை இன்னொரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தால், கிடைக்கும் கட்டணத்தில் 3 முதல் 5 சதவீதமும், ராயல்டியில் 2 முதல் 5 சதவீதமும். 1995-ல் சட்டமே இல்லாத காலத்தில் பாலோடு நிறுவனம் கொடுத்தது 50 சதவீதம். சட்டம் வந்து, விகிதத்தை எழுதிவைத்த பிறகு அந்த எண் அதிகபட்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. நல்லவர் ஒருவர் இருந்தால் கிடைப்பதற்கும், யார் இருந்தாலும் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று இதை ஏற்கலாம். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றை ‘நியாயமான, சமமான பகிர்வு’ என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

2023-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட நூல்களில் உள்ள மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி இவை நூலில் உள்ளவை. நூலேறாத வாய்வழி அறிவுக்குப் பங்குக் கடமை மிஞ்சுகிறது. காணிகளின் அறிவு அந்த வகை என்பதால் ஆரோக்கியப்பச்சைக்கு இந்த விலக்கு நேரடியாகக் கேடு செய்யவில்லை.

இலை விஷயத்தில் உண்மையான மாற்றம் வன உரிமைச் சட்டத்தில்தான் இருக்கிறது. மரபாகச் சேகரித்துவந்த சிறு வனமகசூலின் மேல் உடைமை உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது அது. பல்லுயிர் வளத்தை அணுகவும், மரபு அறிவின் மீது சமூகமாக அறிவுச்சொத்து உரிமை கொள்ளவும் தனிப்பிரிவு வைத்திருக்கிறது. 1996-ல் இது இருந்திருந்தால் சோதனைச்சாவடியில் நின்ற சாக்குக்குக் காணிகளிடம் ஒரு பதில் இருந்திருக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்தால் வழியடைத்திருக்க முடியாது.

மலையின் கிழக்கே

ஒரு விஷயத்தை இந்த நிகழ்வைப் பற்றிய எழுத்துகள் ஏறக்குறைய தொடுவதே இல்லை. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. அகத்தியமலைக்கு இரண்டு பக்கமும் காணிகள் உண்டு. பாபநாசத்துக்கு மேலே காரையார், சேர்வலார் பகுதிகளில் இருக்கிறார்கள்; குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறையைச் சுற்றி இருக்கிறார்கள். பேச்சிப்பாறைக் காணிகள் 1956 வரை அதே திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள்தான் இருந்தார்கள். தமிழும் மலையாளமும் கலந்த ஒரே மலைப்பேச்சு, ஒரே கொக்கரை, ஓடைக்கரையில் ஒரே செடி. மாநில எல்லை போட்டபோது அறிவும் இரண்டாகப் பிரிந்துவிடவில்லை. பங்கு மட்டும் ஒரு பக்கத்தோடு நின்றது. பாலோடு நிறுவனம் கேரள அரசுடையது, அது வேறு மாநிலத்துக்குப் பணம் அனுப்ப முடியாது என்பது நடைமுறைக்குச் சரி. அறிவு யாருடையது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

கிழக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டும் இருக்கிறது. காரையார்க் குடிகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. நாளை ஒரு கம்பெனி இந்தப் பக்கத்தில் இலை கேட்டு வந்தால், சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கோ மாநில பல்லுயிர் வாரியத்துக்கோ விண்ணப்பம் போகும். இலையை வெளியே கொண்டுவரப் புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் சம்மதிக்க வேண்டும். உள்ளாட்சி மட்டத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கலந்து பேச வேண்டும். இத்தனை அலுவலகங்களில் காணி ஒருவர் உறுப்பினராக உட்கார வாய்ப்புள்ளது கடைசிக் குழுவில்தான். அந்தக் குழு பேசுவதோடு நிற்காமல், இலை எங்கே, யார், எந்த மாதம், எவ்வளவு பறிப்பது, என்ன விலை என்பதை வனத்துறையையும் உட்காரவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். கம்பெனியோடு சதவீதம் பேசுவது அதற்குப் பிறகு. கோட்டூரில் இது தலைகீழாக நடந்தது.